முப்பது இஞ்சும் ஒரு நூலும்

பனியன் கம்பெனியில் ஆடிட் நடக்கிற நாளென்றால் கிருத்திகாவைக் கேன்டீனுக்கு அனுப்பிவிடுவார்கள். சமைக்கவோ பாத்திரம் கழுவவோ அல்ல, யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்கள் பனியன் எப்படித் தயாராகிறது என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் கட்டிங் பகுதிக்குள் நுழைந்து, இங்கே துணியைச் சோதிப்பது யார் என்று கேட்பார். உடனே சசிகுமார் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நிற்பான். அவன் பி.எஸ்சி. அவனுடைய சான்றிதழ் நகல் ஆடிட் கோப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருக்கிறது. துணியைத் தொட்டுப் பார்த்து இது எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் திருகும் என்று சொல்கிறவளோ அந்த நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன டீயை முறைத்துக்கொண்டிருப்பாள்.

சசிகுமாரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அவன் நல்ல பையன். "அம்மிணி, இந்த ரோலு ஓகேவா?" என்று அவளைக் கேட்காமல் ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடமாட்டான். அவள் ஓகே என்றால் ஓகே, ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட். மூன்று வருஷமாக அந்தக் கம்பெனியில் துணியைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் அவள் சொல்லித்தான். அடியில் இருக்கிற கையெழுத்து மட்டும் அவனுடையது. இருபத்தொரு வயதில் இதை நினைத்து நினைத்தே அவளுக்கு வயிறு எரிந்தது.

முதலாளி ஈஸ்வரமூர்த்தியிடம் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க, அந்த ரிப்போர்ட்டுல நானே கையெழுத்துப் போட்டா ஆகாதுங்களா?"

"எனக்கென்ன கண்ணு, நீ போட்டாலுஞ் சரி, உங்கப்பன் போட்டாலுஞ் சரி. ஆடிட்காரன் உடமாட்டீங்கறானே. துணி பாக்கறவங்க கொறஞ்சது பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கோணுமாம். நீ ஒரு சர்டிபிகேட்டக் கொண்டா. அன்னிக்கே அந்தச் சேர்ல உன்னைய உக்கார வெக்கறன்."

அவர் வார்த்தை தவறுகிற மனிதர் இல்லை. சிக்கலே அந்தச் சர்டிபிகேட்டில்தான். தமிழ், ஆங்கிலம், வணிகம், பொருளியல், கணக்குப்பதிவியல் எல்லாம் எப்போதோ பாஸ். வணிகக் கணிதம் மட்டும் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் காலை வாரிவிட்டது. கேள்வித்தாளைப் பார்த்ததும் எக்ஸ் என்று ஒன்றை எழுதி வைப்பாள், அதற்குமேல் பேனா நகராது. அதே பெண்ணிடம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, துவைத்த பிறகு இருபத்தெட்டு இஞ்ச் நிற்க வேண்டுமானால் எத்தனை இஞ்ச் வெட்டலாம் என்று கேட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள். கொடுமை என்னவென்றால், இரண்டும் ஒரே கணக்கு.

இப்படி இருக்கும்போதுதான் சாரதாமணி டீச்சர் கம்பெனிக்கு நோட்டீஸ் ஒட்ட வந்தார். அவிநாசிபாளையத்தில், தாராபுரம் ரோட்டின் மேல், ஒரு பழைய குடோனின் மாடியில் திறந்தநிலைப் பள்ளி மையம் ஒன்றை அவர் நடத்திவந்தார். பாஸ் செய்த பாடங்களின் மார்க் அப்படியே செல்லுமாம். கணிதத்துக்குப் பதிலாக ஆடைத் தயாரிப்பை எடுத்துக்கொள்ளலாமாம். அதற்கு எழுத்துத் தேர்வே கிடையாதாம்.

"பேப்பர்ல ஒண்ணும் எழுத வேண்டாங் கண்ணு. உனக்குத் தெரிஞ்ச வேலைய உன்ற கையால செஞ்சு காட்டு, போதும்" என்றார் டீச்சர்.

மூன்று வருஷத்தில் கிருத்திகாவின் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கே பெயரைப் பதிந்துகொண்டாள். துணி பார்ப்பது அவள் தொழில் என்றாலும் தையலும் தெரியாததல்ல. வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி பனியன் தைக்கிற ஓவர்லாக் மெஷின் போட்டிருந்தார்கள், அதில் பழகிய கை. இருந்தாலும் நான்கு மாதம் ஞாயிறு தவறாமல் மையத்துக்குப் போய்க் கழுத்துப்பட்டி, கை, அடிமடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தைத்துப் பழகினாள். கம்பெனியில் ஒருத்தர் கை மட்டும் தைப்பார், இன்னொருத்தர் கழுத்து மட்டும். முழுப் பனியனை ஒரே ஆள் தைப்பது அங்கே நடக்காத காரியம். அதையும் கற்றுக்கொண்டாள்.

செய்முறைத் தேர்வு வைகாசியில் வந்தது. பதினாறு பேர், பதினாறு மேசை. வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் சட்டை, பேன்ட் தையல் சொல்லிக்கொடுப்பவர். நெய்த துணியில் ஊறியவர், பனியன் துணியோடு அவ்வளவாகப் பழக்கமில்லாதவர். கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தார். மார்க்கெல்லாம் அதில்தான், அங்கேயே, அப்போதே.

பலகையில் எழுதிப் போட்டார்கள். ஆண்களுக்கான வட்டக் கழுத்துப் பனியன் ஒன்று. முழு நீளம் இருபத்தெட்டு இஞ்ச். கொடுத்த நேரம் மூன்று மணி நேரம்.

அன்று காலைதான் ஒரு டெம்போவில் துணி ரோல் வந்து இறங்கியிருந்தது. யாரோ தானமாகக் கொடுத்தது. எல்லார் முன்னாலும் அதன் முத்திரையை உடைத்து ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். கையில் வாங்கிய உடனே கிருத்திகாவுக்குத் தெரிந்துவிட்டது. துணி விறைப்பாக இருந்தது.

நெய்த துணி மாதிரி பின்னல் துணி சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்காது. ஆவி காட்டி, இழுத்து, ரோலாகச் சுற்றி அனுப்பும்போது நீளவாக்கில் நீண்டுபோய் நிற்கும். பிரித்து ஒரு நாள் மேசையில் ஆறப் போட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும். திருப்பூரில் கட்டிங் டேபிள் பக்கம் ஒரு மாதம் நின்ற ஆளுக்குக்கூட இது தெரியும். அவசரப்பட்டு வெட்டித் தைத்தால் அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் துவைப்பில் பனியன் குட்டையாகி, பக்கத் தையல் திருகிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடும். இந்த மாதிரி ரோலைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் கம்பெனி கிருத்திகாவுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

அவள் நேராக நாச்சிமுத்துவிடம் போனாள்.

"சாருங்க, இந்தத் துணிய இப்ப வெட்டக் கூடாதுங்க."

"ஏங்கண்ணு?"

"ரோலு இப்பத்தானுங்க பிரிச்சது. ஒரு நாள் ஆறப் போடோணுங்க. இல்லீன்னா துவைச்சா சுருங்கிப்போயிருமுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நாளா? உனக்கு இருக்கறதே மூணு மணி நேரம். அதுலயும் அஞ்சு நிமிசம் போயிருச்சு."

சரி, ஆறப் போட வழியில்லை. வேறு வழி இல்லாமலில்லை. எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்தால் அதற்கேற்ப நீட்டி வெட்டிவிடலாம். துணியின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, பேனாவால் பத்து இஞ்ச் குறித்தாள். குழாயடிக்குப் போய் நனைத்து, பிழிந்து, இழுபடாமல் அயர்ன் பாக்ஸை வைத்து வைத்து எடுத்துக் காயவைத்தாள். மற்ற பதினைந்து பேரும் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கண்ணு, பரிச்சைக்கு வந்தயா, சலவைக்கு வந்தயா?" என்றார் நாச்சிமுத்து. நாலு பேர் சிரித்தார்கள். கிருத்திகா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

காய்ந்த துண்டை அளந்தாள். பத்து இஞ்சில் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருந்தது. நூற்றுக்கு ஏழு. இருபத்தெட்டுக்கு ஏழு சதம் கணக்குப் பார்த்துக் கூட்டினால் போதாது, ஏனென்றால் கூட்டிய துணியும் சேர்ந்துதான் சுருங்கும். முப்பது இஞ்ச், அதற்குமேல் ஒரு நூல். ஒரு நூல் என்றால் டேப்பில் இருக்கும் சின்னக் கோடு, இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. எக்ஸ் போடாமல், காகிதத்தைத் தொடாமல் வந்த விடை. அந்த நிமிஷம் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதைத்தானே செய்து காட்டச் சொன்னார்கள், செய்து காட்டிவிட்டோம் என்று நினைத்தாள்.

நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது பனியன் தயார். கழுத்துப்பட்டி ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது. நாச்சிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தையல் அருமை" என்றார். டேப்பை வைத்தார். முகம் சுருங்கியது.

"முப்பதுக்கு மேல இருக்குதே."

"ஆமாங்க. வேணும்னுதானுங்க வெட்டினன். துவைச்சா இருபத்தெட்டுக்கு வந்துருமுங்க."

"துவைச்சாவா?"

"ஆமாங்க. போடறவங்க துவைப்பாங்கல்லங்க."

அவர் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இங்க பாரு. முழு நீளம் இருபத்தெட்டு, கூடக் கொறைய அரை இஞ்ச் இருக்கலாம். ஆம், இல்லைன்னு ரெண்டே பட்டன். நான் எதைய அமுக்கட்டும்?"

"துவைச்சுப் பாத்துட்டு அமுக்குங்க சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியாவது மனசு ஆறியிருக்கும். மெதுவாகச் சிரித்தார்.

"நீ சொல்றது சரியாக்கூட இருக்குங் கண்ணு. ஆனா துவைக்கறதுக்கு இதுல கட்டமே இல்லையே."

இல்லை என்பதை அமுக்கினார். அளவுப் பகுதியில் தவறினால் மற்றப் பகுதிகளில் எத்தனை வாங்கினாலும் செல்லாது என்பது விதியாம். திரையில் சிவப்பு எழுத்தில், 'திறன் போதவில்லை, மீண்டும் முயலவும்' என்று வந்தது. திறன் போதவில்லை! கிருத்திகாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கணக்கில் பெயில் என்றால் ஏற்றுக்கொள்ளலாம், அது தெரியாத விஷயம். தெரிந்த ஒன்றே ஒன்றில், ஊரே தன்னைக் கேட்டுச் செய்கிற ஒன்றில் போதவில்லை என்று ஒரு கண்ணாடிச் சில்லு சொல்கிறது.

நாச்சிமுத்து போன பிறகு சாரதாமணி டீச்சர்தான் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் ஆத்திரம். கிருத்திகாவின் பனியனையும், தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கிய இன்னொரு பனியனையும் ஒன்றாக அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டார்கள். வைகாசி வெயிலில் காய எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? எடுத்து அளந்தார்கள். தொண்ணூற்றிரண்டு மார்க் இருபத்தாறு இஞ்சுக்கு வந்திருந்தது. பக்கத் தையல் வளைந்து முன்னால் எட்டிப் பார்த்தது. கிருத்திகாவுடையது இருபத்தெட்டு. அரை நூல்கூட முன்னே பின்னே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மேலே டேப்பை வைத்து, போட்டோ எடுத்து டீச்சர் நாச்சிமுத்துவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல், இரண்டு கும்பிட்ட கை.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் கிருத்திகாவுக்கு வந்த ஆத்திரத்தில், போன் மட்டும் அவளுடையதாக இருந்திருந்தால் அதைத் தூக்கிப் பக்கெட்டுக்குள் போட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு தீர்ப்பு காத்திருந்தது. அப்பா சண்முகவேல் சோமனூரில் பதினெட்டு வருஷம் பவர்லூம் ஓட்டியவர். காது பாதி மந்தம், அதனால் எதையும் உரக்கத்தான் சொல்வார்.

"ஏஞ்சாமி, இருபத்தெட்டுன்னா இருபத்தெட்ட வெட்டிக் குடுத்துட்டு வர வேண்டியதுதான? உன்னைய ஆரு அங்க போயி துணி செக் பண்ணச் சொன்னா?"

"அதுதானப்பா என்ற வேலை."

"வேலை கம்பெனியில. அது பரிச்சை."

தெருவே கேட்டிருக்கும். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முறையீடு செய்யலாம் என்றார் டீச்சர். இணையத்தில் படிவம் இருந்தது. பெயர், பதிவு எண், தேதி எல்லாம் சரி. கடைசிக் கேள்வியில் வந்து நின்றாள். 'முறையீட்டுக்கான காரணத்தை உரிய சூத்திரத்துடன் விளக்குக.' இதை எழுதத் தெரிந்தால் நான் எதற்கடா உங்களிடம் வரப்போகிறேன் என்று வாய்விட்டே திட்டினாள். பிறகு வேறு வழியில்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சசிகுமாரிடம் போய் நின்றாள்.

அவன் குஷியாகிவிட்டான். ஒருமுறையாவது அவளுக்கு அவன் சொல்லிக்கொடுக்கலாமே. பேனாவை எடுத்து, இருபத்தெட்டை ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழால் பெருக்கி, இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஆறு என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டான்.

"தப்புங்ணா" என்றாள்.

"என்ன அம்மிணி தப்பு? ஏழு பர்சன்ட் கூட்டியிருக்கறன்."

"கூட்டுனதும் சேந்துதானுங்ணா சுருங்கும். இதைய வெட்டுனா இருபத்தெட்டு வராது, ஒரு நூலு கம்மியா நிக்கும்."

பி.எஸ்சி.க்கு அரை மணி நேரம் பிடித்தது. பெருக்கலை அடித்துவிட்டுப் புள்ளி ஒன்பது மூன்றால் வகுத்தான். முப்பது புள்ளி ஒன்று என்று விடை வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீ எப்படித்தான் சொல்றயோ போ" என்றான். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

முறையீட்டுக்குப் பதில் வர இரண்டரை மாதம் ஆனது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, அளவீடு விதிகளின்படி சரியாகச் செய்யப்பட்டுள்ளது, அடுத்த தேர்வில் பங்கேற்க வாழ்த்துகள். வாழ்த்துகளாம்.

இதற்கிடையில் ஒரு ஆடிட் வந்தது. மறுபடியும் கேன்டீன். மறுபடியும் டீ. மத்தியானம் சசிகுமார் மூச்சு வாங்க ஓடிவந்தான். "அம்மிணி, துணி சுருங்கறதப் பத்தி நீ சொல்லி எழுதுன ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஆடிட்டுக்கு வந்த அம்மா சூப்பர்னு சொல்லிட்டாங்க. இந்த ஏரியாவுலயே இவ்வளவு கரெக்டாப் பாக்கறது நாமதானாம்!" அவன் உண்மையிலேயே அவளுக்காகச் சந்தோஷப்பட்டான். அவளுக்கு எழுந்து அந்த டீயை அவன் தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

ஐப்பசியில் சசிகுமாருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கண்ணு, சசி மார்கழியோட போறான். தை மாசம் பெரிய ஆடிட் இருக்குது, சேர் காலியா இருக்கக் கூடாது. நீ பாஸாயிட்டீன்னா அந்தச் சேர் உன்றது. இல்லீன்னா வெளிய ஒரு டிகிரிக்காரனப் போட்டுருவன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"அவிய வந்து எங்கிட்டத்தானுங்க கேப்பாங்க" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. புதிதாக வருகிறவன் கேட்பான் என்று என்ன நிச்சயம்? கேட்காமலே கையெழுத்துப் போடுகிறவனாகவும் இருக்கலாம். அப்போது அவள் வெறும் ஹெல்பர். துணி மூட்டையைத் தூக்கி வைக்கிற ஹெல்பர்.

அடுத்த செய்முறைத் தேர்வு கார்த்திகையில். சாரதாமணி டீச்சர் இந்தத் தடவை முன்யோசனையாக, ரோலை முதல் நாளே பிரித்து ஆறப் போட்டுவிடலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். கேள்வித்தாள் கட்டைப் போலத் தேர்வுத் துணியின் முத்திரையையும் தேர்வு நேரத்தில், மாணவர்கள் முன்னிலையில்தான் உடைக்க வேண்டும் என்று பதில் வந்தது. துணியை முன்கூட்டிப் பார்த்துவிட்டால் விடை தெரிந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. டீச்சர் அந்தக் கடிதத்தைக் கிருத்திகாவிடம் காட்டியபோது இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. அழுவதற்குச் சலித்துப்போயிருந்தது.

"இந்தத் தடவை என்ன பண்ணப் போறே?" என்று டீச்சர் கேட்டார்.

"பாஸ் பண்ணப் போறனுங்க" என்றாள் கிருத்திகா.

அதே மாடி, அதே நாச்சிமுத்து, அதே டேப்லெட். பலகையில் அதே இருபத்தெட்டு. முத்திரையை உடைத்தார்கள். துண்டு கைக்கு வந்தது. போன தடவையைவிட விறைப்பாக இருந்தது. விரல் நுனியில் தெரிந்ததை மனசுக்குள் போகவிடாமல் மேசையில் போட்டு, டேப்பை எடுத்து இருபத்தெட்டுக்குக் கோடு போட்டாள். அடிமடிப்புக்கு வேண்டியதை விட்டாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"அக்கா."

பக்கத்து மேசைப் பெண். பதினெட்டு வயதிருக்கும். காலையில் படியேறும்போதே தன் கதையெல்லாம் சொல்லியிருந்தாள். பெயர் அக்ஷரா, ஊர் மூலனூர், அப்பா முருங்கைக்காய் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மூன்று மாதமாக இங்கே ஒரு கம்பெனி ஹாஸ்டலில் தங்கிக் கட்டிங்கில் வேலை பார்க்கிறாள். பிளஸ் டூவில் அவளுக்கும் கணக்குத்தான் தகராறு.

"அக்கா, இந்தத் துணி வெறப்பா இருக்குதுங்களே" என்றாள் தாழ்ந்த குரலில். துணியின் ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எங்க கம்பெனில இப்படி இருந்தா பிரிச்சு ஒரு நாள் போட்டுருவாங்க. இப்பவே வெட்டுனா சுருங்கிராதுங்களா? கொஞ்சம் நீட்டி வெட்டிக்கலாங்களா?"

மூன்று மாதம்தான் ஆகிறது. யாரும் சொல்லாமல், தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். கிருத்திகாவுக்கு ஒரு கணம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமாங்கண்ணு, நீட்டி வெட்டு, எவ்வளவு நீட்டோணும்னு நான் சொல்றன் என்று வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாச்சிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பலகையில என்ன போட்டிருக்குது?" என்றாள்.

"இருபத்தெட்டுங்க."

"அப்ப இருபத்தெட்டே வெட்டு."

"துவைச்சா?"

"இங்க ஆரும் துவைக்க மாட்டாங்க. நீ வெட்டு."

அந்தப் பெண் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். வயதில் மூத்தவள், கை பழகியவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வெட்டத் தொடங்கினாள். கிருத்திகாவும் வெட்டினாள். துணி கத்தரிக்கோலுக்கு வெகு சுலபமாக இடம் கொடுத்தது.

ஒரு மணி நேரம் மிச்சம் வைத்து முடித்துவிட்டாள். நாச்சிமுத்து வந்து டேப்பை வைத்தார். இருபத்தெட்டு. ஆம், ஆம், ஆம் என்று வரிசையாக அமுக்கிக்கொண்டே போனார். கடைசியில்தான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தச் சலவைக்காரப் பொண்ணுதான? பாத்தயா, இப்பச் சரியா வெட்டிட்டே. இவ்வளவுதாங் கண்ணு விசயம்."

"ஆமாங்க சார்."

தொண்ணூற்றாறு. பச்சை எழுத்தில், 'திறன் பெற்றவர்' என்று வந்தது. சாரதாமணி டீச்சர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார். எத்தனையோ நாள் இந்தப் பச்சை எழுத்தைக் கனவு கண்டவள்தான் கிருத்திகா. அப்பாவுக்குப் போன் செய்யலாம், முதலாளிக்குச் சொல்லலாம். ஏனோ கை போகவில்லை. தைத்த பனியனைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தாள் அக்ஷரா. அவளுக்கு எண்பத்தெட்டு. முகமெல்லாம் பல். தன் பனியனை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"உங்களாலதானுங்க்கா பாஸானன். நானா இருந்தா நீட்டி வெட்டிப் பெயிலாயிருப்பன்." பனியனை விரித்துக் காட்டினாள். "இதைய எங்கப்பனுக்குக் குடுக்கப் போறனுங்க. நான் மொதமொதல்ல தெச்சதல்லங்க? அளவுகூட அவருக்குக் கணக்கா இருக்கும்."

கிருத்திகா அந்தப் பனியனைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அப்பனுக்கு வேண்டாங் கண்ணு. தம்பி இருந்தா அவனுக்குக் குடு."

"ஏனுங்க்கா?"

"ஒரு தண்ணி பட்டா ரெண்டு இஞ்ச் போயிரும்."

அக்ஷராவின் கை அப்படியே நின்றுவிட்டது. பனியனைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

தாராபுரம் பஸ் ஒன்று நிற்காமல் போனது. அக்ஷரா பனியனை மடித்தாள். மடித்ததையே இன்னொரு தடவை மடித்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரலில்தான் கேட்டாள்.

"நீங்க கம்பெனில என்ன வேலைங்க்கா பாக்கறீங்க?"

துணி பார்க்கிற வேலை. தை மாதத்திலிருந்து அந்தச் சேரில் உட்காரப் போகிறவள். மூன்று வருஷமாக எவனாவது கேட்கமாட்டானா என்று அவள் தயாராக வைத்துக் காத்திருந்த பதில் அது. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிருத்திகா ரோட்டைப் பார்த்தாள்.

"ஹெல்பர்" என்றாள்.